பூச்சியை விரட்டும் வேம்பு: அது வேலை செய்யும் விதம்

ஆனி, ஆடி மாதங்களில் நம் கிராமச் சாலைகளின் இரு மருங்கிலும் வேப்பம் பழங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. காலில் மிதிபட்டும் மழையில் அழுகியும் அவை மண்ணோடு மண்ணாகின்றன. அதே சாலை வழியே, கடையில் கடன் சொல்லி வாங்கிய பூச்சி மருந்துப் புட்டியுடன் குடியானவர் தம் வயலுக்குச் செல்கிறார். காலடியில் கிடக்கும் பொருளை விட்டுவிட்டுக் கடன்பட்டு வாங்கும் பொருளை நாடுவது ஏன்? வேம்பின் குணத்தை அவர் அறியாதவர் அல்லர். அவருடைய பாட்டியார் நெற்குதிரில் வேப்பிலை இட்டு வைத்ததை அவரே கண்டிருப்பார். எனினும் அவருக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது.

வேம்புக் கரைசல் தெளித்தவர் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. "காலையில் தெளித்தேன், மாலையில் போய்ப் பார்த்தேன், புழு உயிரோடுதான் இருக்கிறது" என்பர். இவ்வாறு கூறி, அடுத்த நாளே கடும் விஷ மருந்து ஒன்றை அதன்மேல் தெளித்துவிடுவோரும் உளர். இதனால் இருமுறை செலவாகிறது. முதல் தெளிப்பின் பயனும் அறியப்படாமற் போகிறது. இக்குறைக்குக் காரணம் வேம்பு அன்று. வேம்பு வேலை செய்யும் விதத்தை நாம் அறியாததே காரணம். ஆகவே, தாவரங்கள் பூச்சிகளை எவ்வாறு விலக்குகின்றன என்பதை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

செடியின் தற்காப்பு

ஆடும் மாடும் பகை வந்தால் ஓடிவிடும். செடிக்கு அவ்வாறு ஓட இயலாது. வேரூன்றிய இடத்திலேயே நின்று, இலையைத் தின்னும் புழுவையும் சாற்றை உறிஞ்சும் பேனையும் அது எதிர்கொள்ள வேண்டும். இதன் பொருட்டு இயற்கை அதற்குப் பல ஆயுதங்களை அளித்திருக்கிறது. முள்ளும் சுணையும் கண்ணுக்குத் தெரியும் ஆயுதங்கள். கசப்பு, காரம், நெடி, விஷம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத ஆயுதங்கள். வேம்பின் கசப்பும், நொச்சியின் நெடியும், புகையிலையின் நஞ்சும் நமக்காக உண்டானவை அல்ல. அச்செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தம்முள் ஆக்கிக்கொண்ட பொருள்கள் அவை. நாம் செய்வதெல்லாம் ஒரு செடியின் ஆயுதத்தை இரவல் வாங்கி, அவ்வாயுதம் இல்லாத மற்றொரு செடிக்குக் கொடுப்பதேயாகும்.

ஐந்து வழிகள்

தாவரச் சரக்குகள் யாவும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. அவை செயற்படும் வழிகளை ஐந்தாகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, விரட்டுதல். பூச்சிகளுக்கு மூக்கு இல்லை. அவற்றின் தலையிலுள்ள உணர்கொம்புகளே வாசனையை அறியும் உறுப்புகள். தம் உணவுச் செடியின் மணத்தைக் கொண்டே பல பூச்சிகள் அதனை நாடி வருகின்றன. நொச்சி, துளசி, எலுமிச்சைப்புல் முதலியவற்றின் எண்ணெய்கள் காற்றில் ஆவியாகக் கலந்து, அவ்வுணர்கொம்புகளைத் தடுமாறச் செய்கின்றன. பூச்சி அணுகாது விலகுகிறது, ஆனால் சாவதில்லை.

இரண்டாவது, உண்ணாமல் தடுத்தல். பூச்சி இலைமேல் வந்து அமர்ந்துவிட்டது எனக் கொள்வோம். அதன் வாயுறுப்புகளிலும், சில பூச்சிகளுக்குக் கால்களிலும், சுவையறியும் நுண்மயிர்கள் உள்ளன. வேம்பின் சத்து அவற்றைத் தீண்டியதும், 'இது உண்ணத்தக்கதன்று' என்ற உணர்ச்சி அதற்கு உண்டாகிறது. இலையின்மேல் இருந்தும் அது பட்டினி கிடக்கிறது. மாலையில் போய்ப் பார்க்கும் குடியானவர் காணும் உயிருள்ள புழு பெரும்பாலும் இத்தகைய பட்டினிப் புழுவே.

மூன்றாவது, முட்டையிடாமல் தடுத்தல். தாய்ப்பூச்சி தன் குஞ்சுகளுக்கு உணவு கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தே முட்டையிடும். வேம்பு பூசிய இலையைக் கண்டு அது வேறிடம் தேடிச் செல்கிறது.

நான்காவது, வளர்ச்சியைக் கெடுத்தல். புழு வளர வேண்டுமானால் பாம்பைப்போல் பலமுறை சட்டையை உரிக்க வேண்டும். அதன் உடலிற் சுரக்கும் ஒரு சுரப்புநீரே அவ்வேலையை நடத்துகிறது. வேம்பின் சத்து வயிற்றுக்குள் சென்றால், அச்சுரப்புநீர் உரிய காலத்தில் உரிய அளவிற் சுரவாது தடைப்படுகிறது. புழு சட்டையை உரிக்க மாட்டாமல் பாதியில் மடிகிறது. அல்லது குறையுள்ள பூச்சியாகி இனம் பெருக்கும் ஆற்றலை இழக்கிறது. இதற்குச் சில நாட்கள் ஆகும்.

ஐந்தாவது, நேரே கொல்லுதல். சீமைச் சாமந்தி வகையைச் சேர்ந்த பைரித்திரம் என்னும் பூவின் சத்து பூச்சியின் நரம்புகளைத் தாக்கிச் சில நிமிடங்களில் அதை வீழ்த்திவிடும். புகையிலையிலுள்ள நிக்கோட்டினும் நரம்பைத் தாக்கும் நஞ்சே. இவை விரட்டும் சரக்குகள் அல்ல; கொல்லும் சரக்குகள்.

இவ்வைந்தனுள் வேம்பு முதல் நான்கையும் ஓரளவுக்குச் செய்கிறது. சிறப்பாக இரண்டாவதையும் நான்காவதையும் செய்கிறது. ஐந்தாவதைச் செய்வதில்லை என்றே கூறலாம். ஆகவே வேம்பு தெளித்த வயலில் செத்த பூச்சிகளை எண்ணிப் பயனில்லை. புதிதாகத் தின்னப்பட்ட இலைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். இஃது ஒன்றை மனத்திற் கொண்டால் போதும், பாதி ஐயம் நீங்கிவிடும்.

ஆராய்ச்சி கண்ட உண்மை

வேம்பின் இக்குணத்தை உலகுக்கு உணர்த்தியவை வெட்டுக்கிளிகளே எனலாம். 1959-ஆம் ஆண்டில் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் மரங்களையெல்லாம் மொட்டையாக்கிச் சென்றபோது, வேப்பமரங்கள் மட்டும் பச்சைப் பசேலென நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டு வியந்தார். 1962-ஆம் ஆண்டில் புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பிரதான் என்பாரும் அவர்தம் துணைவர்களும் வேப்பம் பருப்பை நீரிற் கரைத்துப் பயிரில் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிரின்மேல் வந்து இறங்கின. ஆயினும் தின்னாமற் சென்றன.

1968-இல் இங்கிலாந்து நாட்டின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் வேப்பம் பருப்பினின்று அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மேற்கூறிய குணங்களுக்கு முதற்காரணம் அதுவே. அதன் அமைப்பு மிகவும் சிக்கலானது. அதனை ஆய்வுக் கூடத்தில் செயற்கையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லே என்பாரின் குழுவினர் 22 ஆண்டுகள் முயன்று, 2007-இல் வெற்றி கண்டனர். அறிஞர் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு ஆக்கிய பொருளை, நம் தெருக்கோடி வேப்பமரம் ஆண்டுதோறும் ஓசையின்றி ஆக்கித் தருகிறது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. எல்லாப் பூச்சிகளும் வேம்புக்கு ஒரே அளவில் அஞ்சுவதில்லை. பாலைவன வெட்டுக்கிளி மிக நுண்ணிய அளவு அசாடிராக்டினைச் சுவைத்தாலும் ஒதுங்கிவிடும். அதன் நெருங்கிய உறவான அமெரிக்க வெட்டுக்கிளியோ அதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆதலால், 'வேம்பு எல்லாப் பூச்சிக்கும் மருந்து' என்று எவரேனும் கூறினால் அதனை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.

வேப்பம் பருப்புக் கரைசல் தயாரிக்கும் முறை

நூற்றுக்கு ஐந்து வீதம் கொண்ட கரைசலே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது. 100 லிட்டர் கரைசலுக்கு வேண்டுவன: நன்கு உலர்ந்த வேப்பம் பருப்பு 5 கிலோ, சோப்புத்தூள் 200 கிராம், வடிகட்டக் காடாத்துணி, தண்ணீர் ஆகியவை. ஓர் ஏக்கருக்குக் கைத்தெளிப்பானால் தெளிக்கச் சுமார் 200 லிட்டர் கரைசலும், அதற்கு 10 கிலோ பருப்பும் தேவைப்படும்.

பருப்பை இடித்துத் தூளாக்கி, 5 கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் வீதம் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் மரக்கோலால் நன்றாகக் கலக்கினால் நீர் பால்போல் வெளுக்கும். இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கிச் சோப்புத்தூளைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் தெளிப்பது நலம்.

இம்முறையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. காரணம் அறிந்து செய்பவர் படியைத் தவறவிட மாட்டார்.

சோப்பு எதற்கு? சேம்பிலையில் நீர் ஒட்டாது உருண்டோடுவதை நாம் கண்டிருக்கிறோம். பயிரின் இலைகளிலும் மெழுகுப் பூச்சு உண்டு. சோப்பு சேர்த்தால்தான் கரைசல் இலை முழுதும் பரவிப் படியும். படியாத இடத்தைப் புழு தின்னும்.

மாலை நேரம் எதற்கு? அசாடிராக்டின் வெயிலில் சிதையும் பொருள். காலையில் தெளித்தால் அன்றைய வெயிலே அதன் வலிமையைக் குறைக்கத் தொடங்கிவிடும். மாலையில் தெளித்தால் இரவு முழுதும் அது இலையில் நிற்கும். இரவில் வெளிவந்து மேயும் புழுக்களுக்கும் எட்டும். தேனீக்களும் அந்நேரம் கூடு திரும்பத் தொடங்கியிருக்கும். அவ்வாறு தெளித்தாலும் சில நாட்களில் அதன் சக்தி குன்றும். ஆகவே ஒருமுறை தெளித்துவிட்டு ஓய்ந்திராமல், ஏழு முதல் பத்து நாட்களுக்குப்பின் வயலைப் பார்த்துத் தேவையானால் மறுமுறை தெளிக்க வேண்டும்.

அன்றே கரைத்து அன்றே தெளிப்பது எதற்கு? நீரிற் கரைந்த அசாடிராக்டின் நாள்படச் சிதைந்துபோகும். மீந்த கரைசலை அடுத்த வாரத்திற்கு என்று எடுத்து வைப்பது வீண்.

பருப்பின் வயதையும் பார்க்க வேண்டும். எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட விதை பயன்படாது. பழத்தைப் பொறுக்கியவுடன் நீரிலிட்டுப் பிசைந்து, சதையை நீக்கி, விதையை நிழலில் உலர்த்த வேண்டும். சதையுடன் குவித்து வைத்தாலும், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலும் விதையில் பூஞ்சணம் பூக்கும், சத்தும் கெடும். காற்றோட்டமுள்ள சணல் சாக்கே ஏற்றது. 'வேம்பு கேட்கவில்லை' என்று கூறப்படும் இடங்களில், பழைய விதையோ பூஞ்சணம் பிடித்த விதையோ காரணமாக இருப்பதுண்டு.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது

இளம் புழுக்களும், இலையைத் தின்னும் புழுக்களும், அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளும் தொடக்க நிலையில் இருக்கும்போது வேம்பு நல்ல பயன் தரும். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது.

காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட புழுவையும், தண்டினுள் இருக்கும் துளைப்பானையும் வேம்பு தொடாது. சுவைக்காத பொருள் எவ்வாறு தடுக்கும்? முதிர்ந்த பெரிய புழுக்கள் வயல் முழுதும் பரவிவிட்ட பின்னரும் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அந்நிலையில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் ஆலோசனையைப் பெறுவதே அறிவுடைமை. சுருங்கக் கூறின், வேம்பு வேலியைப் போன்றது. ஆடு புகுமுன் அடைக்க வேண்டும். புகுந்தபின் அடைத்துப் பயனில்லை.

இதற்கு ஒரு பெரு நன்மையும் உண்டு. இலையைத் தின்னும் பூச்சியே வேம்பின் சத்தை மிகுதியாக உட்கொள்கிறது. பூச்சியைத் தின்னும் சிலந்தி, பொறிவண்டு, குளவி முதலிய நண்பர்கள் இலையைத் தின்பதில்லை. ஆதலால் பெரும்பாலும் தப்புகின்றன. கடும் நஞ்சு தெளித்தால் பகையோடு நட்பும் மடியும். பிறகு பகை மட்டும் விரைவில் பெருகும். நெல்வயலில் தேவையற்ற தெளிப்புகளுக்குப்பின் புகையான் திரண்டெழுவதன் காரணம் இதுவே.

களஞ்சியத்துப் பயறு

வயலிற் காத்த பயற்றை வீட்டிற் பறிகொடுக்கும் துயரம் நம் கிராமங்களில் பொதுவானது. தட்டைப்பயறும் பாசிப்பயறும் சில மாதங்களில் ஓட்டை விழுந்து மாவாகின்றன. பயறு வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிட்டு, பயற்றுடன் நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. முட்டை பயற்றின் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும்; குஞ்சு நேரே விதையினுள் துளைத்துச் செல்லும்.

இங்கேயும் செயலின் விதத்தை அறிதல் வேண்டும். உலர்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் வெளியிலிருந்து வரும் வண்டை விலக்கும். ஆனால் பயற்றினுள்ளே ஏற்கெனவே இருக்கும் குஞ்சை அவை ஒன்றும் செய்யமாட்டா. ஆகவே முதலில் பயற்றை நல்ல வெயிலிற் காயவைத்து, ஆறியபின் சேமிக்க வேண்டும். பிறகு ஒரு கிலோ பயற்றுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் எண்ணெய் வீதம் சேர்த்து, ஒவ்வொரு மணியிலும் படியுமாறு புரட்ட வேண்டும். எண்ணெய்ப் படலம் முட்டையின் சுவாசத் துளையை அடைத்துவிடும். புதிய முட்டை ஒட்டுவதையும் தடுக்கும். உண்பதற்குரிய பயற்றுக்குக் கடலையெண்ணெய் போன்ற சமையலெண்ணெயே ஏற்றது. வேப்பெண்ணெயை விதைப் பயற்றுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

கொசுவும் தாவர எண்ணெயும்

கொசு நம் மூச்சுக் காற்றையும் உடல் மணத்தையும் கொண்டு நம்மைக் கண்டறிகிறது. சிட்ரோனெல்லா புல் எண்ணெயைத் தோலிற் பூசினால் அம்மணம் மறைந்து கொசு தடுமாறும். ஆயினும் அவ்வெண்ணெய் விரைவில் ஆவியாவதால், ஓரிரு மணி நேரத்தில் பயன் தீர்ந்துவிடும். இரவெல்லாம் அது காக்கும் என்று எண்ணிக் குழந்தையை வலையின்றிப் படுக்கவைத்தல் தவறு. நொச்சிப் புகையும் கொசுவை அப்போதைக்கு விலக்கும். ஆனால் அடைத்த அறையில் எந்தப் புகையும் நுரையீரலுக்குக் கேடே. கொசு வலையும், தேங்கிய நீரை அகற்றுதலுமே முதற் காப்பு. தாவர எண்ணெய் துணைக் காப்பு.

'இயற்கை' என்பதனால் தீங்கற்றது ஆகாது

செடியிலிருந்து வந்ததாயின் அஞ்ச வேண்டுவதில்லை என்ற எண்ணம் மிகவும் அபாயகரமானது. புகையிலைக் கஷாயத்திலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் கொடிய நஞ்சு. தோல் வழியாகவும் உட்செல்ல வல்லது. வீட்டில் அதனைக் காய்ச்சித் தெளிப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பச்சிளங் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் தாக்குண்டு உயிருக்கே கேடு நேர்ந்ததுண்டு. ஆதலால் அதனைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தெளிப்பானைக் குளத்திலோ கிணற்றடியிலோ கழுவலாகாது.

கடையில் விற்கும் வேம்பு மருந்தை வாங்குவோர் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்தல் வேண்டும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டப்படி பதிவு பெற்ற எண், அசாடிராக்டினின் அளவு, காலாவதித் தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பத்து லட்சத்தில் 300 பங்கு, 1,500 பங்கு, 10,000 பங்கு எனப் பல வலிமைகளில் அது கிடைப்பதால், ஒரு புட்டிக்குரிய அளவை மற்றொன்றுக்குக் கொள்ளுதல் கூடாது.

கண்ணால் காணும் சோதனை

கேட்டதை நம்புவதிலும் கண்டதை நம்புவது மேல். ஒரே அளவான ஆமணக்கு இலைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றை வேப்பம் பருப்புக் கரைசலிலும், மற்றொன்றைச் சோப்பு மட்டும் கலந்த நீரிலும் தோய்த்து உலரவிட்டு, அகன்ற தட்டு ஒன்றில் இருபுறமும் வைத்து நடுவில் ஐந்தாறு புரோடீனியாப் புழுக்களை விடுவோம். மெல்லிய துணியால் மூடி மறுநாட் காலை திறந்து பார்த்தால், எந்த இலை நரம்பாயிற்று, எது முழுதாக நிற்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். புழுக்கள் உயிரோடிருப்பதையும் அப்போதே காட்ட வேண்டும். 'கொல்லவில்லை, ஆனால் இலை பிழைத்தது' என்ற பாடம் அதிலேயே அடங்கியுள்ளது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

தனி ஒரு குடியானவர் பருவத்தில் விதை பொறுக்கி, உலர்த்தி, சேமித்து வைப்பது அரிது. ஊர் சேர்ந்து செய்தால் எளிது. முதலாவதாக, பொது இடங்களிலுள்ள வேப்பமரங்களைக் கணக்கெடுக்கலாம். இரண்டு மூன்று நல்ல மரங்களின் விதை, ஓர் ஏக்கருக்கு ஒருமுறை தெளிக்கப் போதும். இரண்டாவதாக, ஆனி, ஆடி மாதங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களைக்கொண்டு விதை சேகரித்து, நிழற்களத்தில் உலர்த்தி, சேகரித்த மாதத்தைச் சாக்கின்மேல் எழுதி வைக்கலாம். மூன்றாவதாக, விதையை இடிக்கும் இயந்திரம் ஒன்றை ஊருக்குப் பொதுவாக வைக்கலாம். மீந்த விதைக்கு விலையும் உண்டு. நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வெளிவர வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதித்ததிலிருந்து வேப்பெண்ணெயின் தேவை பெருகியது.

நான்காவதாக, முதியோர் அறிந்த முறைகளை எழுதி வைத்தல் வேண்டும். வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. அது புதிதன்று, இந்தியரிடம் முன்பே வழங்கியது என்று எடுத்துக் காட்டப்பட்டு, அவ்வுரிமை 2000-இல் நீக்கப்பட்டது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அவ்வழக்கில் சான்றே நம்மைக் காத்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்தும் வைக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நம் ஊர் முறைகளும் ஏற வேண்டும்.

வேம்பு விரைந்து கொல்லும் நஞ்சன்று. பொறுமையாகக் காக்கும் காவலன். அதனிடம் கேட்கத்தக்கதைக் கேட்டால் அது ஏமாற்றாது. வரும் ஆனி மாதத்தில் சாலையில் உதிரும் முதற் பழங்களை மிதித்துச் செல்லாமல், ஒரு கூடை எடுத்துக்கொண்டு நாம் புறப்படுவோமாக.